இருபத்தைந்து தேங்காயும் ஒரு மாய மரமும்: ரூன்ஸ்கேப்பில் நீண்டகால இலக்கு பிடித்த ஒரு கொழிஞ்சாம்பாறை ஆட்டக்காரர்

ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேமை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால், ‘கஷ்டமா இருக்கு’ என்று சொல்பவர்கள் குறைவு. ‘அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல’ என்பதுதான் அடிக்கடி வரும் பதில். அப்படி மூன்று முறை விட்டுவிட்டு நான்காவது முறை வந்து ஊன்றிக்கொண்ட ஒருவரின் ஆட்டக் கணக்கை இங்கே முழுதாக எடுத்து வைக்கிறேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தம்பி. பெயர் வேண்டாம் என்றார், மற்றதெல்லாம் எழுதச் சம்மதித்தார். ஆடுவது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். நானும் அவருடைய கிளானில், அதாவது ஆட்டக்காரர் குழுவில், இருப்பதால் அவர் போனதையும் வந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆளும் வேலையும்

அவர் ஒரு தென்னந்தோப்பில் கள்ளு அளந்து கணக்கு எழுதுகிறார். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, எல்லைக்கு இந்தப் பக்கம் அனுமதி. கேரளாவின் மற்ற மாவட்டங்களுக்குப் போகிற கள்ளில் பெரும்பங்கு சித்தூர் தாலுகாத் தோப்புகளில் இறங்குவதுதான். கள்ளு காத்திருக்காது, நேரம் ஆக ஆகப் புளித்துக்கொண்டே போகும். அதனால் தம்பி காலை 4 மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார். கேன் கேனாக அளந்து, யார் மரத்தில் எவ்வளவு என்று நோட்டில் ஏற்றி, வண்டி கிளம்பிய பிறகுதான் மூச்சு விடுவார். மதியம் இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கும். இரவு 9 மணிக்குத் தூக்கம். வீட்டில் கோவைப் பக்கத்துத் தமிழ், ஷாப்பிலும் ஆபீஸிலும் மலையாளம். கையில் இருப்பது போன் மட்டும், கம்ப்யூட்டர் கிடையாது.

இந்த நேர அமைப்பு முக்கியம், பின்னால் திரும்ப வரும். நீண்டகால இலக்கு பற்றிப் பேசுகிற பலர் ஆட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆடுகிறவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று கேட்பதில்லை.

ஆட்டத்தின் அமைப்பு, சுருக்கமாக

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. 2007 ஆகஸ்டில் அந்த ஆட்டம் எப்படி இருந்ததோ அந்தப் பதிப்பை அடிப்படையாக வைத்துத் தொடங்கினார்கள். 2018 அக்டோபர் 30 அன்று மொபைலுக்கு வந்தது. கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே கணக்கு. நம் பக்கத்துப் பையன்கள் பலர் உள்ளே வந்தது அதன் பிறகுதான், தம்பியும் 2019-ல் அப்படி வந்தவர்.

மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், விவசாயம், சமையல், கொல்லுப்பட்டறை என்று திறன்கள் இருபதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் உச்சம் லெவல் 99. அதற்கு வேண்டிய அனுபவப் புள்ளி 1,30,34,431. இதில் கவனிக்க வேண்டியது ஏற்றம் போகிற விதம். ஏறக்குறைய ஒவ்வொரு 7 லெவலுக்கும் தேவை இரட்டிப்பாகும். 92-ஐத் தொடும்போது 65,17,253 புள்ளி, அதாவது சரியாகப் பாதி வழி. 85 என்றால் கால் பங்கு. 78 என்றால் எட்டில் ஒரு பங்கு. திரையில் 85 என்று பார்க்கிறவர் ‘இன்னும் 14 தான்’ என்று நினைப்பார், உண்மையில் முக்கால் தூரம் மிச்சம் இருக்கும். ஆட்டக்காரர்கள் எல்லோரும் ‘92-தான் பாதி’ என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்வது எளிது, அந்த இரண்டாம் பாதியை உட்கார்ந்து ஆடுகிறவருக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

மூன்று முறை விட்ட கதை

முதல் முறை, மரம் வெட்டுதலில் 99. போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வண்டி ஏற்றும்போது அவ்வப்போது ஒரு தட்டு தட்டினால் போதும், அது பாட்டுக்கு வெட்டும். பல மாதம் அப்படியே போனது. 99 வந்ததும் திறனுக்குரிய மேலங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டார். கிளானில் எல்லோரும் வாழ்த்தினோம். ஒரு வாரத்தில் ஆளைக் காணோம். பிறகு கேட்டபோது, “அண்ணா, மரம் வெட்டறதுக்குன்னு உள்ள போனனுங்க. வெட்டி முடிச்சாச்சு. அப்புறம் எதுக்குப் போறதுன்னு தோணலைங்க” என்றார். இலக்கு நீளமாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு எதையும் தொடவில்லை. முடிந்ததும் எந்தக் கதவும் திறக்கவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது பாண்ட் பிரச்சினை. இந்த ஆட்டத்தின் பெரும்பகுதி உறுப்பினர்களுக்கு மட்டும். அதற்குக் காசு கட்டலாம், இல்லையென்றால் ஆட்டத்துக்குள் சம்பாதித்த தங்கத்தைக் கொடுத்து பாண்ட் வாங்கலாம். ஒரு பாண்ட் 14 நாள் உறுப்பினர் உரிமை தரும். காசு செலவில்லை என்று தம்பி பாண்டைப் பிடித்தார். அவர் ஆடுகிற கொஞ்ச நேரம் முழுதும் அடுத்த பாண்டுக்குத் தங்கம் சேர்ப்பதிலேயே போனது. பதினான்கு நாள் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. மாத வாடகை கட்டுகிறவன் மனநிலைதான். விளையாட்டுக்கு வந்த மனுஷன் இன்னொரு வேலையில் சேர்ந்ததுபோல் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்து தமிழ்ப் பையன்கள் இந்த ஆட்டத்தை விடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: தினம் நிறைய நேரம் ஆட முடிகிறவருக்கு பாண்ட் சரிப்படும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கிடைக்கிறவர், முடிந்தால் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துக் கட்டிவிடுவது நல்லது, இல்லையென்றால் இலவசப் பகுதியில் நிம்மதியாக ஆடுவது நல்லது.

மூன்றாம் முறை அவர் கட்டிவிட்டுத்தான் வந்தார். இம்முறை இலக்கு பெரிது: எல்லாத் திறனிலும் 99. ‘மேக்ஸ்’ அடிப்பது என்பார்கள். தினம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றினார். எழுபதுகள் வேகமாகப் போயின. எண்பதுகளில் வந்து நின்றது. எல்லாத் திறனும் எண்பது எண்பத்தைந்தில் இருந்தால் பார்க்க முக்கால் வழி வந்ததுபோல் இருக்கும், புள்ளிக் கணக்கில் கால் பங்கைத் தாண்டியிருக்காது. இதைத் தம்பி கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்த அன்று போனை எடுத்து அந்த ஆப்பை அழித்துவிட்டார்.

எங்கே இடித்தது

இலக்கு பற்றி உளவியலில் அதிகம் பேசப்படுவது எட்வின் லாக், கேரி லேதம் இருவரின் ஆய்வுகள். தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு, ‘முடிந்தவரை செய்’ என்பதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் எவ்வளவு தூரம் வந்தோம் என்ற தகவல் இடையிடையே கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னது. மேக்ஸ் அடிப்பது தெளிவானதுதான், கடினமானதுதான். ஆனால் எண்பதுகளுக்கு மேல் ஒரு லெவல் ஏறவே பல நாள் ஆகும். வந்த தூரம் கண்ணில் படுவதே இல்லை. உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களில் எலிகளை வைத்துப் பார்த்ததும் இதை ஒட்டியதுதான். உணவு நெருங்க நெருங்க எலி வேகம் எடுக்கிறது, தொலைவில் இருக்கும்போது தளர்கிறது. மேக்ஸ் பாதையில் ‘நெருங்கிவிட்டோம்’ என்ற உணர்வு கடைசிவரை வருவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ப்ரிஸிபில்ஸ்கி மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வீடியோ கேமில் ஒருவரைப் பிடித்து வைப்பவை என்று மூன்றைக் கண்டார்கள்: தானாகத் தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, திறமை வளர்கிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வு. தம்பியின் மூன்று முயற்சிகளையும் இதோடு வைத்துப் பாருங்கள். மரம் வெட்டியதில் திறமை வளரவில்லை, எண் மட்டும் வளர்ந்தது. பாண்டில் தேர்வே இல்லை. மேக்ஸ் ஓட்டத்தில் தனியாக இருந்தார். அவர் ஆடுகிற மதியம் 2 மணி என்பது, கிளான்காரர்கள் பலர் இருக்கிற இங்கிலாந்தில் காலை எட்டரை, கோடையில் ஒன்பதரை. கிளானில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள்.

டைரி

நான்காவது முறை வந்தபோது நான் சொன்னது ஒன்றே ஒன்று: “தம்பி, லெவலைப் பார்க்காதீங்க, டைரியைத் திறந்து பாருங்க.”

அச்சீவ்மென்ட் டைரி என்று ஒன்று ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டத்தின் உலகம் 12 பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஈஸி, மீடியம், ஹார்ட், எலீட் என நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் அந்தப் பகுதியில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். இன்ன இடத்தில் இந்த மீனைப் பிடி, அந்த வழியாகக் குதித்துப் போ, இந்த மருந்தைக் காய்ச்சு என்று. ஒரு படி முடிந்தால் பரிசு. அந்தப் பரிசு வெறும் அலங்காரமாக இருக்காது. ஆர்டூன் பகுதியின் ஈஸி படியை முடித்தாலே கிடைக்கிற அங்கி, மடாலத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் தாவிப் போக விடும். லும்பிரிட்ஜ் டைரி தரும் மோதிரம் ஃபாலடோர் அருகே முட்டைக்கோஸ் தோட்டத்துக்குக் கொண்டு போகும், அங்கிருந்து மூலிகைப் பாத்தி கூப்பிடு தூரம். முடித்த டைரி அடுத்த டைரிக்கு வழியைக் குறைத்துத் தருகிறது.

மேக்ஸ் அடிப்பதும் நீளமான இலக்கு, டைரி எல்லாம் முடிப்பதும் நீளமான இலக்கு. ஆனால் டைரியில் ஒவ்வொரு வேலையும் வேறொன்றின் மேல் நிற்கிறது. லும்பிரிட்ஜ் எலீட்டுக்கு எல்லா க்வெஸ்ட்டும், அதாவது கதைப் பணிகளும், முடித்திருக்க வேண்டும். வாரக் எலீட்டுக்கு ‘பை’ (pie) என்ற பலகாரம் ஒன்றைச் சுட வேண்டும், அதற்குச் சமையல் 95. பாலைவனத்துக்கு அம்பு வேலை 95. மோரிடேனியா எலீட்டில் சுறாவை வெறுங்கையால் பிடிக்க வேண்டும், மீன்பிடித்தல் 96. இந்த லெவல்களும் பெரியவைதான், 96-க்கே 96,84,577 புள்ளி வேண்டும். ஆனால் அந்த 96 எதற்கு என்று தெரிந்துதான் ஏறுகிறோம். சில வேலைகளுக்குத் தற்காலிகமாக லெவலை உயர்த்தும் உணவையும் மருந்தையும் பயன்படுத்தி கொஞ்சம் முன்பே முடிக்கவும் வழி உண்டு.

தம்பி தன் கள்ளுக் கணக்கு நோட்டு மாதிரியே ஒரு நோட்டு போட்டார். 12 பகுதியின் பெயர், எதிரே என்ன குறைகிறது. ஒரு வேலை முடிந்தால் கோடு. எது குறைவாகப் பாக்கியோ அதை முதலில் எடுத்தார். பார்க்கச் சாதாரணமான விஷயம், ஆனால் ஹல் சொன்ன அந்த ‘நெருக்கம்’ வாரத்துக்கு ஒரு முறையாவது கையில் கிடைத்தது.

ஃபாலடோர் பூங்காவில் ஒரு மரம்

ஒரே ஒரு வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். ஃபாலடோர் எலீட்டில், பூங்காவில் நீங்களே ஒரு மேஜிக் மரம் வளர்த்து, வெட்டி, வேரைத் தோண்டினால் ஒரே நேரத்தில் குறைந்தது மூன்று வேர் கிடைக்க வேண்டும். அதற்கு விவசாயம் 91.

மேஜிக் மரம் வளர ஏறக்குறைய 8 மணி நேரம். தம்பி இரவு எட்டுக்குச் சற்று முன்னால் நடுவார், காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் மரம் தயார். அவர் தூங்கி எழுவதற்குள் மரம் வளர்ந்து முடிந்துவிடும். பழ மரங்களுக்கு 16 மணி நேரம், மூலிகைக்கு 80 நிமிடம். மதிய ஓய்வில் ஒரு மூலிகைச் சுற்று, இரவில் மரச் சுற்று என்று அவர் நாளுக்குள் விவசாயம் தானாகப் பொருந்தியது. உட்கார்ந்து ஆடும் நேரம் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

மரம் நோய் வந்து காயாமல் இருக்க, பக்கத்தில் நிற்கும் தோட்டக்காரரிடம் கூலி கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மேஜிக் மரத்துக்குக் கூலி 25 தேங்காய். இதைப் பார்த்த அன்று கிளான் சாட்டில் தம்பி எழுதியது அப்படியே: “அண்ணா, இங்கயும் தேங்காய்தானுங்களா!” சந்தையில் தங்கம் கொடுத்தே வாங்கியிருக்கலாம். அவர் வாங்கவில்லை. ஆட்டத்தில் தென்னை நட விவசாயம் 68 வேண்டும், அவரிடம் இருந்தது. நட்டார். ஒரு மரத்தில் ஆறு காய், பறித்தால் மறுபடி காய்க்கும். தன் தென்னையில் விளைந்த காயைக் கொண்டுபோய்க் கூலி கொடுத்தார்.

பிறகு மரத்தை வெட்ட வேண்டும், மேஜிக் மரம் வெட்ட 75. எப்போதோ அர்த்தமில்லாமல் ஏற்றி வைத்த அந்த 99 மரம் வெட்டுதல் இப்போது உதவிக்கு வந்தது. தோண்டினார், வேர் வந்தது, டைரியில் கோடு விழுந்தது. அந்த ஒரு கோட்டுக்குள் விவசாயம், மரம் வெட்டுதல், முந்தைய டைரி தந்த மோதிரம், சொந்தத் தென்னை எல்லாம் இருந்தன. இந்த இலக்கு அவரைப் பிடித்து வைத்ததற்கு என்ன காரணம் என்று கேட்டால் நான் இந்த மரத்தைத்தான் காட்டுவேன்.

அதிர்ஷ்டத்தை இலக்காக வைப்பது

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளானில் பல பேர் இதில்தான் விழுகிறார்கள். சில பெரிய எதிரிகளை வீழ்த்தினால் அபூர்வமாகச் செல்லப் பிராணி கிடைக்கும், சிலவற்றில் வாய்ப்பு 5,000-ல் 1. ‘5,000 தடவை அடித்தால் கிடைத்துவிடும்’ என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி இல்லை. 5,000 தடவை அடித்த பிறகும் ஒன்றும் கிடைக்காதவர் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேர் இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் வாய்ப்பு அதேதான், முன்பு எத்தனை தடவை அடித்தோம் என்று ஆட்டம் நினைவு வைத்துக்கொள்வதில்லை. வழியில் கிடைத்தால் கொண்டாடலாம். அதையே இலக்காக வைத்தால் உழைப்புக்கும் முன்னேற்றத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். தம்பி இதைத் தொடவே இல்லை, நல்ல முடிவு.

கூட ஆள்

2021 அக்டோபரில் குரூப் அயர்ன்மேன் என்ற முறை வந்தது. 2 முதல் 5 பேர் ஒரு குழு, வெளியாரிடம் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது, வேண்டியதை எல்லாம் குழுவே உண்டாக்க வேண்டும். தம்பி, பொள்ளாச்சியில் இருக்கும் அவர் மாமா பையன், மீனாட்சிபுரத்துச் சிநேகிதர் ஒருவர், மூன்று பேரும் சேர்ந்து இரண்டாவதாக ஒரு கணக்குத் தொடங்கினார்கள். ஒருவர் மீன், ஒருவர் உலோகம், தம்பி வழக்கம்போல் விவசாயம். மூவரின் ஓய்வு நேரமும் வேறு வேறு என்பதால் பொதுக் கிடங்கில் பொருள் போட்டுவிட்டுப் போவார்கள், அடுத்தவர் வந்து எடுப்பார். மேக்ஸ் ஓட்டத்தில் இல்லாத துணை இங்கே கிடைத்தது, ஒரே நேரத்தில் ஆட வேண்டிய கட்டாயமும் இல்லை. இதில் சச்சரவும் வந்தது, கிடங்கில் இருந்த பொருளைக் கேட்காமல் எடுத்த விவகாரம். பெரிதாகவில்லை.

வீட்டில்

அம்மாவுக்கு ஆரம்பத்தில் பயம். “எந்நேரமும் போனுதானா கண்ணு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது, அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முன்னுக்கு வருவது, கெடுதல் நடந்தும் நிறுத்த முடியாமல் போவது, இவை வழக்கமாக 12 மாதமாவது நீடிப்பது என்பன அதன் அடையாளம். நீண்டகால இலக்கு பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினால் பாதி உண்மைதான் ஆகும்.

தம்பி விஷயத்தில் எனக்கு நிம்மதி தந்தது ஒரு இடைவெளி. சித்தூரில் கொங்கன்பட திருவிழா சமயம், தொடர்ந்து வீட்டில் ஒரு கல்யாணம், அப்படியே ஒரு மாதத்துக்கு மேல் அவர் ஆட்டத்துக்குள் வரவில்லை. திரும்பி வந்தபோது டைரியில் ஒரு கோடும் அழிந்திருக்கவில்லை. தினம் வராவிட்டால் தொடர்ச்சி அறுந்து பரிசு போய்விடும் என்று மிரட்டுகிற ஆட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் நீண்டகால இலக்கு வைப்பது ஆபத்து என்றே நினைக்கிறேன். விட்டுவிட்டு வந்து தொடர முடியாத இலக்கு நம்மை ஆட்டி வைக்கும். இப்போது அவர் அம்மாவுக்கும் அந்த மரக்கணக்கு தெரியும். இரவு எட்டு மணி ஆனால் “நட்டாச்சா?” என்று கேட்கிறார்.

இப்போதைய நிலை

12 எலீட்டில் ஒன்பது முடிந்தது. மோரிடேனியா சுறாவுக்கு மீன்பிடித்தல் இன்னும் ஏற வேண்டும், கூரெண்ட் பகுதிக்கு ஸ்லேயர் என்ற அரக்க வேட்டைத் திறன் 95 வேண்டும். இரண்டும் நேரம் கேட்கும், அவ்வளவுதான்.

சிக்கல் வைல்டர்னஸ் எலீட். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைத் தாக்கலாம். கலிஸ்டோ, வெனனாடிஸ், வெட்டியன் என்ற மூன்று பெரிய எதிரிகளையும் வீழ்த்த வேண்டும். இந்த ஆட்டம் 0.6 வினாடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில் ஓடுகிறது, தோப்பில் நெட் தடுமாறினால் ஒன்றிரண்டு துடிப்பு தவறும், அதற்குள் ஆள் காலி. அதனால் அந்த மூன்றையும் தோப்பிலிருந்து ஆடாமல், ஞாயிறு மதியம் பொள்ளாச்சி மாமா வீட்டு வைஃபையில் உட்கார்ந்து ஆடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். இழந்தால் வருத்தம் வராத மலிவான கவசம்தான் எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கிளானில் இரண்டு பேர் கூட வருகிறார்கள், முதலில் கலிஸ்டோ.